அஞ்சுவதில் என்ன இன்பம்?

திரையில் தோன்றும் பேய் பொய்யென அறிந்திருப்பதனால்தான் பார்வையாளர் அஞ்சியும் மகிழ்கிறார் என்பது பரவலான விளக்கம். பாபக் அன்வரி இயக்கி 2016இல் வெளிவந்த 'அண்டர் த ஷேடோ' என்னும் பாரசீக மொழிப் படம் இவ்விளக்கத்தின் போதாமையைக் காட்டுகிறது. அதில் வருவது ஜின். ஜின்னின் இருப்பை மறுக்காத முஸ்லிம் பார்வையாளருக்கு 'இது பொய்' என்னும் அரண் பாதியே மிஞ்சுகிறது. ஆயினும் அவரும் விரும்பியே பார்க்கிறார்.

அரிஸ்டாட்டிலின் கவிதையியலுக்கு விளக்கம் எழுதிய இப்னு சீனா, 'தஸ்தீக்', 'தக்யீல்' என இரண்டைப் பிரித்துரைப்பார். முன்னது, ஒரு கூற்றை உண்மையென அறிவு ஏற்பது. பின்னது, அவ்வேற்புக்குக் காத்திராமல் உள்ளம் கற்பனையால் அசைவது. உள்ளம் எவ்வாறு அசைகிறது என்பதற்கு இது விடை. அவ்வசைவு ஏன் இனிக்கிறது என்பதற்கு அன்று.

கதை 1980களின் இறுதியில், ஈராக்கின் ஏவுகணைகள் விழும் தெஹ்ரானில் நிகழ்கிறது. பழைய அரசியல் ஈடுபாட்டைக் காரணங்காட்டி ஷீதேவுக்கு மருத்துவக் கல்வியைத் தொடர அனுமதி மறுக்கப்படுகிறது. மருத்துவரான கணவர் போர்முனைக்கு அனுப்பப்பட, மகளுடன் அவள் தனித்திருக்கிறாள். வெடிக்காத ஏவுகணையொன்று மேல்மாடி வீட்டைத் துளைத்தபின் ஜின்னின் நடமாட்டம் முற்றுகிறது. தொல்காப்பியர் அச்சத்திற்குக் கூறும் நான்கு நிலைக்களன்களில் அணங்கும் உண்டு, இறையும் உண்டு. இங்கே இரண்டும் ஒருங்கே நிற்கின்றன. ஜின்னுக்கு அஞ்சி, தலையை மறைக்கவும் மறந்து, இரவில் மகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடும் ஷீதேவைக் காவலர் பிடிக்கின்றனர். எச்சரிக்கப்பட்டு, அவள் அதே வீட்டுக்குத் திரும்புகிறாள். படத்தில் மிகவும் நடுங்கச் செய்யும் இடம் இதுவே என்பேன். அங்கே ஜின் இல்லை.

போரும் அதிகாரமும் விளைக்கும் அச்சத்திற்கு உருவமில்லை. எப்போது வரும் என்பது தெரியாது. அஞ்சுவதாக வெளியே சொல்லவும் இயலாது. ஜின்னுக்கோ ஒரு முறைமை உண்டு: காற்றோடு வரும், நமக்கு உரிய பொருளொன்றைக் கைப்பற்றினால் பின்தொடரும். அதைக் கண்டு அலறலாம், அருகிலிருப்பவரும் அதே கணத்தில் அலறுவதைக் கேட்கலாம். மனத்தில் அடைபட்டிருந்த அச்சம் இவ்வாறு உருப்பெற்று வெளிப்படும்போது எழும் நெகிழ்வே அந்த இன்பம் எனத் தோன்றுகிறது. (ஜின் சாதர்த் துணியின் வடிவில் வருவதை மார்க்க நிந்தனையாகக் கொள்வோர், அத்துணிக்குள் முகமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.)

ஆபத்து நீங்கிய ஆறுதலே இன்பம் என்பாரும் உளர். இப்படம் அந்த ஆறுதலைத் தருவதில்லை. தாயும் மகளும் காரில் தப்பிச் செல்கின்றனர்; பொம்மையின் தலையும் ஷீதேவின் மருத்துவ நூலும் அந்த வீட்டிலேயே கிடக்கின்றன.