குருவை இழந்தவன் விழுந்தான் என்கிற கதை: அனகினும் கர்ணனும்

ஜார்ஜ் லூகாஸின் 'ஸ்டார் வார்ஸ்' கதையாடலைப் பேசுகிறவர்களிடம் ஒரு வாசிப்பு கேள்விக்கு அப்பாற்பட்டதாக நிலைபெற்றுவிட்டது. குரு க்வை-கான் ஜின் செத்திருக்காவிட்டால் அனகின் ஸ்கைவாக்கர் டார்த் வேடராக மாறியிருக்க மாட்டான் என்பதே அது. 1999-இல் வந்த 'த ஃபேன்டம் மெனஸ்' படத்தின் கடைசி வாள்சண்டையை, அந்தச் சிறுவனுக்குத் தகப்பனாகியிருக்க வேண்டிய மனிதன் பிழைப்பானா மாட்டானா என்கிற சண்டையாக வாசித்தவர் டேவ் ஃபிலோனி. 2020-இல் வெளியான 'டிஸ்னி கேலரி' ஆவணத் தொடரில் அவர் சொன்ன விளக்கம் இது. பெருங்குடியில், ராஜீவ் காந்தி சாலையோரத்து அலுவலகங்களில் வேலை பார்க்கும் என் நண்பர்களும் டீக்கடையில் நின்று இதையேதான் சொல்கிறார்கள்: "பையனுக்கு நல்ல வாத்தியார் இல்லாமப் போச்சு, அதான் கெட்டுப்போனான்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த நியாயம் யாரைக் காப்பாற்றுகிறது என்பதே என் கேள்வி.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அனகின் பாலைவனக் கிரகமொன்றில் அடிமைத் தாய்க்குப் பிறந்த அடிமைச் சிறுவன். ஜெடாய் என்கிற வீரத்துறவியர் அமைப்பைச் சேர்ந்த க்வை-கான் அவனைக் கண்டெடுத்துத் தலைநகருக்கு அழைத்து வருகிறார். வயது கடந்துவிட்டது, அச்சம் மண்டியிருக்கிறது என்று சொல்லி ஜெடாய் சபை அவனைச் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது. அவனுக்கு வயது ஒன்பது. அடுத்த சண்டையில் க்வை-கான் கொல்லப்படுகிறார். சிதை எரிகிறது. நமக்கு மிகவும் பழக்கப்பட்ட காட்சி அது. அருகே நின்று தன் கதி என்னவென்று கேட்கிறான் சிறுவன். சாகும் குருவுக்குக் கொடுத்த வாக்குக்காக அவனை ஏற்கிறார் ஓபி-வான். சபை வேண்டாவெறுப்பாக இணங்குகிறது.

இங்கே எளிமையான ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. க்வை-கானை இழந்தவர்கள் இரண்டு பேர். அனகினுக்கு அவரோடு சில நாள் பழக்கம்தான். ஓபி-வானுக்கோ அவர் ஆண்டுக்கணக்கில் குரு. கண்ணெதிரே செத்ததைப் பார்த்தவரும் அவர்தான். ஓபி-வான் விழவில்லை. 1977-இல் வந்த முதல் படத்தில் அந்த ஓபி-வானையே கண்ணெதிரே இழக்கிற லூக்கும் விழவில்லை. இழப்பு மூவருக்கும் பொது, வீழ்ச்சி ஒருவனுக்கு மட்டும் என்றால் வீழ்ச்சியின் காரணத்தை இழப்பில் தேடுவது எப்படிச் சரி? இழந்த பிறகு அவன் போய் நிற்பதற்கு எந்த இடம் மிச்சமிருந்தது என்றல்லவா கேட்க வேண்டும்?

இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நாம் ஏங்குகிற அந்தக் குருதான் என்ன செய்தார்? பந்தயத்தில் வைத்துச் சிறுவனை வென்றெடுக்கிறார். தாயா மகனா என்று தாயக்கட்டை உருட்டும்போது, தன் சக்தியால் அதை மகன் பக்கம் விழவைக்கிறார். தாய் ஷ்மி அடிமையாகவே விடப்படுகிறாள். அடிமைகளை விடுவிக்கத் தான் வரவில்லை என்பதை அவரே சிறுவனிடம் ஒப்புக்கொள்கிறார். பிற்பாடு அவளை விலைக்கு வாங்கி விடுவித்து மணந்துகொள்பவர் ஒரு விவசாயி. பத்தாண்டு கழித்து, 2002-இன் 'அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்' படத்தில், மகன் போய்ச் சேரும்போது சித்திரவதைக்குள்ளான தாய் அவன் கையில் சாகிறாள். அவளைக் கடத்திய கூட்டத்தைப் பெண்கள், குழந்தைகள் உள்பட அவன் வெட்டிச் சாய்ப்பது அன்றைய இரவு. வீழ்ச்சியின் முதல் படி குருவின் சிதையிலிருந்து தொடங்கவில்லை. குரு மகன் பக்கம் விழவைத்த தாயக்கட்டையிலிருந்து தொடங்குகிறது.

இதை நம் பக்கத்துக் கதையோடு வைத்துப் பார்க்கலாம். கர்ணனின் குரு பரசுராமர் சாகவில்லை. குரு உயிரோடு இருக்க, குருத்துவம் மட்டும் பறிக்கப்படுகிறது. தொடையை வண்டு துளைக்கிறது. மடியில் தூங்கும் குரு விழித்துவிடக் கூடாதென்று வலியைப் பொறுத்துக்கொள்கிறான் சீடன். ஒரு மாணவன் குருவுக்குக் காட்டக்கூடிய ஆகப்பெரிய அன்பு அந்த வலிதான். அதுவே குற்றத்துக்குச் சாட்சியமாகிறது. இவ்வளவு வலி பொறுப்பவன் பிராமணனாக இருக்க முடியாது; நீ யார் என்கிறார் குரு. கற்ற வித்தை தேவைப்படும் நேரத்தில் மறந்துபோகும் என்று சாபம். கர்ணன் பொய் சொல்லித்தானே சேர்ந்தான் என்பார்கள். சொன்னான்தான். உண்மையைச் சொன்னால் திறக்காத கதவின் முன்னால் வேறென்ன சொல்வது?

'நீ யார்' என்கிற கேள்வி அவனை விடுவதில்லை. அரங்கேற்றத்தில் கிருபர் கேட்கிறார்; கூத்தில் மனைவி பொன்னுருவியே கேட்கிறாள். நான் குடியிருக்கும் ஊரின் பெயர் பெருங்குடி. பழந்தமிழில் இந்தச் சொல்லுக்கு உயர்ந்த குலம் என்றும் பொருள் உண்டு. குடி என்பது வசிக்குமிடமாகவும் பிறப்பாகவும் ஒரே சமயத்தில் ஒலிக்கிற மொழியில், எங்கே குடியிருக்கீங்க என்கிற விசாரிப்புக்குள் எந்தக் குடி என்கிற விசாரணை ஒளிந்துகொள்வது சுலபம். ஜெடாய் சபை வயதைக் கேட்டது, கிருபர் குலத்தைக் கேட்டார். கேள்வி வேறு, வாசல் ஒன்று.

வாசலில் நிற்பவனைத் துரியோதனன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அங்கதேசத்தைக் கொடுக்கிறான். 2005-இன் 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' படத்தில் பால்பட்டைன் செய்வதும் இதுதான். தன் பிரதிநிதியாக அனகினை ஜெடாய் சபையில் உட்கார வைக்கிறான். சபை இருக்கை தருகிறது, ஆசான் பட்டத்தை மறுக்கிறது. உள்ளே விட்டும் விடாத நிலை. மனைவி செத்துப்போவாள் என்ற கனவால் அலைக்கழிந்து யோடாவிடம் போனால், இழக்க அஞ்சுவதையெல்லாம் கைவிடப் பழகு என்று போதனை வருகிறது. துக்கப்படவே இடமில்லாத ஒரு நிறுவனத்தில், துக்கத்தைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் சர்வாதிகாரி. துரியோதனனுக்கு அர்ச்சுனனை எதிர்க்க ஒரு வில் தேவைப்பட்டது. பால்பட்டைனுக்கு ஒரு வாள். அந்த அன்பில் கணக்கு இருந்தது. கணக்கில்லாத அன்பை அவர்களுக்கு வேறு யாரும் தரவில்லை என்பதும் உண்மை.

இது வெறும் சினிமாப் பேச்சு இல்லை. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு 2007-இல் அறிக்கை தந்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைப்பதில்லை என்று அம்மாணவர்களில் பெரும்பாலோர் சொன்னதை அது பதிவு செய்தது. உயர்கல்வி நிறுவனத்தில் ஒரு மாணவன் உடைந்துபோகும் ஒவ்வொரு முறையும், நல்ல வழிகாட்டி ஒருத்தர் கிடைச்சிருந்தா இப்படி ஆகியிருக்காதே என்று உச்சுக்கொட்டுகிறோம். தமிழ் எம்.ஏ. படித்த காலத்திலும் அதற்குப் பிறகும் இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு தனிமனிதரின் இல்லாமைமீது பழியை இறக்கிவிட்டு, நிறுவனம் கைகழுவிக்கொள்ள இந்த வாக்கியம் உதவுகிறது. க்வை-கானுக்காக ஏங்குகிற வாசிப்பின் அரசியலும் இதுவே.

இரண்டு மரபுகளும் பிரிகிற இடம் ஒன்று உண்டு. அங்கே அனகினின் கதை 'வீழ்ச்சி'. இங்கே நம் கூத்துக்காரர்கள் கர்ணனின் சாவுக்கு வைத்திருக்கும் பெயர் 'கர்ண மோட்சம்'. 1964-இல் பி.ஆர்.பந்துலு எடுத்த 'கர்ணன்' 2012-இல் புதுப்பிக்கப்பட்டு வந்தபோதும் ஜனங்கள் அழுதது விழுந்தவனுக்காக அல்ல, வீழ்த்தப்பட்டவனுக்காக. செஞ்சோற்றுக் கடன் என்ற ஒற்றைச் சொல்லால் அவன் நின்ற பக்கத்தின் பாவத்தைக் கடந்துவிடுகிறோம்.

இந்த மோட்சத்தையும் சந்தேகிக்க வேண்டும். குந்தி ஊரறிய மகனே என்று கதறுவது அவன் சாயும்போதுதான். கண்ணன் புண்ணியத்தையெல்லாம் தானமாக வாங்கிக்கொண்ட பிறகுதான் காட்சி தருகிறான். வேடருக்கும் சாகும் தறுவாயில்தான் மீட்சி. 1983 படத்தின் முடிவில் குருமார்களின் ஆவிகளோடு அவனும் நிற்கிறான். 2004 டிவிடி பதிப்பில் அந்த முதிய முகத்தை நீக்கிவிட்டு, கெட்டுப்போவதற்கு முந்தைய இளைஞனின் முகத்தை ஒட்டினார்கள். வரிசையில் இடம் உண்டு, பட்ட காயத்தோடு நிற்கக் கூடாது. அங்கீகாரம் செத்தவனுக்கு, அதுவும் துடைத்துச் சுத்தமாக்கப்பட்ட செத்தவனுக்கு.

இதற்காகக் குற்றத்தைப் பூசி மெழுகச் சொல்லவில்லை. அனகின் பள்ளிக் குழந்தைகளைக் கொன்றான். கர்ணன் சபை நடுவே திரௌபதியை இழிவாகப் பேசினான். வாசலில் நிறுத்தப்பட்டவன் என்பது அவன் அடுத்தவரை மிதித்ததற்கு விடுதலைப் பத்திரம் ஆகாது.

வட தமிழ்நாட்டில் 'கர்ண மோட்சம்' ஆடப்படுவது பெரும்பாலும் திரௌபதியம்மன் திருவிழாக்களில். சபையில் அவமதிக்கப்பட்டவள் தெய்வமாக வீற்றிருக்கிறாள். அவள் சந்நிதியிலேயே, அவளை அவமதித்தவனின் சாவுக்கு ஊர் விடிய விடிய அழுகிறது. ஒளிப்பக்கம், இருட்பக்கம் என்று கோடு கிழிக்கிற கதையாடலுக்கு இது புரியாது. அவள் முறையீட்டையும் இவன் துக்கத்தையும் ஒன்றுக்கொன்று ஈடாகக் கழித்துவிடாமல், இரண்டையும் ஒரே ராத்திரியில் சுமக்கத் தெரிந்த பார்வையாளர்கள் அவர்கள். நம் விமர்சனம் அந்தப் பாயில் உட்கார்ந்து பார்க்கப் பழக வேண்டும்.