தெருவின் நினைவு யார் கையில்?

ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸ் நகரால் தன் இசையின் தொடக்கத்தைக் கேட்க முடியாது. 1900களின் முதல் ஆண்டுகளில் ஊரையே ஆட்டிவைத்த கார்னெட் கலைஞர் பட்டி போல்டனின் வாசிப்பு ஒரு நொடிகூடப் பதிவாகக் கிடைக்கவில்லை. 1917இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு ஒரு வெள்ளையர் குழுவினுடையது. லூயி ஆம்ஸ்ட்ராங் பிறந்த வீட்டை 1964இல் இடித்துவிட்டார்கள். இத்தனை இழந்த ஊரில் எஞ்சியதை யார் காப்பது, எப்படிக் காப்பது என்பது உயிர்ப்பிரச்சினை.

மக்கள் தாங்களே கொடுத்த விடைகளில் முக்கியமானது, ட்ரெமே பகுதியில் சில்வெஸ்டர் பிரான்சிஸ் 1999இல் தொடங்கிய பேக்ஸ்ட்ரீட் பண்பாட்டு அருங்காட்சியகம். தெரு ஊர்வலங்களையும் ஜாஸ் இறுதி ஊர்வலங்களையும் ஆண்டுக்கணக்கில் படம்பிடித்தவர் அவர். 'மார்டி கிரா இந்தியர்' என்ற கருப்பினக் குழுவினர் மணி மணியாகக் கோத்துத் தைத்த இறகு உடைகளும் அங்கே சேர்ந்தன. மார்டி கிரா திருவிழா முடிந்ததும் பிரித்து, மணிகளை அடுத்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்வது அந்த உடைகளின் வழக்கம். அப்படிப் பிரிக்க வேண்டியதை ஒருவரை நம்பி முழுதாகக் கொடுக்கிறார்கள் என்றால், அவர் தங்களோடு தெருவில் நடந்தவர் என்பதே காரணம். ஜாஸ் என்பது இசைத்தட்டில் மட்டும் இல்லை. நடை, உடை, சாவு வீடு எல்லாம் சேர்ந்ததுதான் அது என்பதை இந்தக் காப்பகம் காட்டியது.

பல்கலைக்கழகத்துக்கு அந்த நெருக்கம் வாய்க்கவில்லை. டுலேன் பல்கலைக்கழகம் 1958இல் ஜாஸ் காப்பகம் தொடங்கியது. வில்லியம் ரஸ்ஸலும் ரிச்சர்ட் ஆலனும் மூத்த கலைஞர்களின் நினைவுகளை ஒலிநாடாவில் பதிந்தார்கள். ஆனால் டுலேன் கருப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது 1963இல்தான். தாத்தாவின் குரலுக்கு இடம் தந்த வளாகத்தில் பேரனுக்கு இடமில்லாமல் இருந்தது. ஆனாலும் அந்த நாடாக்கள் இல்லையென்றால் ஒரு தலைமுறையின் பேச்சே போயிருக்கும்.

ஆய்வாளர்களின் சரிபார்க்கும் பயிற்சியையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. தான் 1900 ஜூலை 4 அன்று பிறந்ததாகவே ஆம்ஸ்ட்ராங் சொல்லிவந்தார். அது 1901 ஆகஸ்ட் 4 என்று காட்டியது தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு. பாசம் மட்டும் வரலாறாகிவிடாது. அண்டை வீட்டாரே நடத்தும் காப்பகத்தில் கசப்பான கதைகள் மெல்ல ஒதுங்கிப்போகும் வாய்ப்பும் உண்டு.

இதைவிடப் பெரிய குறை, எல்லாம் ஒரே ஆளையும் ஒரே கூரையையும் நம்பி நிற்பது. பிரான்சிஸ் 2020இல் மறைந்தார். மறு ஆண்டே ஐடா புயல் கட்டடத்தைச் சேதப்படுத்தியது. குடும்பத்தார் ட்ரெமேயிலேயே வேறு இடம் பார்த்து மீண்டும் திறந்தார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் அந்தத் திராணி இருக்காது. 2005 கத்ரீனா வெள்ளத்தில் கிளாரினெட் கலைஞர் மைக்கேல் வைட் வீட்டோடு பறிகொடுத்த பழைய கருவிகளையும் ஆயிரக்கணக்கான நூல்களையும் இசைப்பதிவுகளையும் எந்த நிவாரணமும் மீட்டுத் தராது.

ஆகவே அசல் பொருள்களும் உரிமையும் தெருவிடமே இருக்கட்டும். நகல்கள் ஊருக்கு வெளியே பத்திரமாக இருக்கட்டும். அந்தச் செலவை ஏற்பது, இந்த இசையால் பெயரும் பணமும் பெற்ற பல்கலைக்கழகங்களின், சுற்றுலாத் துறையின் கடமை. செலவை ஏற்றவர்கள் சொந்தம் கொண்டாடாமல் இருந்தால்தான் மக்கள் தொடர்ந்து நம்பிக் கொடுப்பார்கள்.