ஏலத்துக்கு வரும் லேத்: விலை தெரிகிறது, நிலை தெரியவில்லை

கோவை கணபதியிலோ சென்னை அம்பத்தூரிலோ சொந்தமாகப் பட்டறை தொடங்கும் ஒருவரின் முதல் லேத் பெரும்பாலும் பழையதாகத்தான் இருக்கும். தொழில் கற்றுக்கொண்ட பட்டறையின் முதலாளியிடமிருந்தோ, பழைய இயந்திர வியாபாரியிடமிருந்தோ, காயலான் கடையிலிருந்தோ அது வந்து சேரும். இந்தப் பழைய வழிகளோடு இப்போது ஆன்லைன் ஏலமும் சேர்ந்திருக்கிறது. தவணை நின்றுபோன ஆலைகளின் இயந்திரங்களை வங்கிகள் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி கைப்பற்றி இணையத்தில் ஏலம் விடுகின்றன. 2016இல் வந்த திவால் சட்டத்தின் கீழ் கலைக்கப்படும் நிறுவனங்களின் சொத்துகளும் இப்படியே விற்பனைக்கு வருகின்றன. பொதுத்துறை நிறுவனங்கள் கழித்துக்கட்டும் இயந்திரங்களுக்கு, 1964இல் தொடங்கப்பட்ட எம்.எஸ்.டி.சி.யின் ஏலத் தளம் இருக்கிறது.

இந்த முறை வந்ததை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அது பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறது என்பது என் கருத்து. எவ்வளவுக்குக் கேட்கிறார்கள் என்பதை அது எல்லோர் பார்வைக்கும் கொண்டுவந்துவிட்டது. ஏலத்துக்கு வரும் இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை இன்னும் மூடியே வைத்திருக்கிறது. இந்த முறையின் நன்மைகள் முதலாவதிலிருந்தும், கேடுகளில் பெரும்பாலானவை இரண்டாவதிலிருந்தும் பிறக்கின்றன.

நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும்; அது சிறிய நன்மை அல்ல. ஆலை வளாகத்தில் நேரடி ஏலம் நடந்த காலத்தில் சிண்டிகேட்டின் ஆதிக்கம் எப்படி இருந்தது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வியாபாரிகள் சிலர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, ஒருவர் மட்டும் குறைந்த விலைக்குக் கேட்பார். மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஏலம் முடிந்த பிறகு தங்களுக்குள் தனியாக இன்னொரு ஏலம் போட்டு, கிடைத்த வித்தியாசத்தைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். புதிதாக வந்து விலையை ஏற்றிக் கேட்கும் பட்டறைக்காரர் அந்தக் கூட்டத்தின் நடுவே நின்று கேட்க வேண்டும். மிரட்டலுக்கு அஞ்சித் திரும்பிப் போனவர்கள் உண்டு.

திரையில் நடக்கும் ஏலத்தில் எதிரே யார் கேட்கிறார்கள் என்பது பொதுவாகத் தெரிவதில்லை. ஓசூரில் இருப்பவரும் ராஜ்கோட்டில் இருப்பவரும் ஒரே இயந்திரத்துக்குப் போட்டியிடலாம். நாடு முழுவதும் உள்ள ஆட்களை எந்த சிண்டிகேட்டும் முன்கூட்டியே பேசி அடக்கிவிட முடியாது. இதனால் பயன் பெறுபவர்களில் வாங்குபவரைப் போலவே கடனில் விழுந்தவரும் ஒருவர். இயந்திரம் நியாயமான விலைக்குப் போனால் அவருடைய பாக்கி அந்த அளவுக்குக் குறைகிறது. மலிவாக அடித்துச் செல்லப்பட்டால், தொழிலை இழந்த பிறகும் கடன் அவரைத் துரத்துகிறது. விழுந்தவருக்கும் எழுபவருக்கும் நேர்மையான விலை ஒன்று வேண்டும். அதைப் பெறுவதற்கான வழியை இணையம் திறந்து வைத்தது.

இரண்டாவது நன்மை, வரும் சரக்கின் தரம். 1953இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் தொடங்கப்பட்ட எச்.எம்.டி.யின் லேத்துகள் இன்றும் ஏலப் பட்டியல்களில் வருகின்றன. எச்.எம்.டி. என்.எச்.22 போன்ற கனமான லேத்தில் சென்டர் உயரம் 220 மில்லிமீட்டர். கனத்த வார்ப்பிரும்பு, அதிர்வை உள்வாங்கும் உடம்பு, கழற்றிச் சரிசெய்யக்கூடிய கியர்பாக்ஸ். நன்றாகப் பராமரித்த இப்படியொரு இயந்திரம், அதே காசுக்குக் கிடைக்கும் மெல்லிய புதிய லேத்தைவிட ஜாப் ஆர்டருக்கு நன்றாக உழைக்கும். ஏலத்தில் எடுத்தால் நாலு தாடைச் சக், ஸ்டெடி, சேஞ்ச் கியர்கள் முதலான துணைப் பொருள்களும் பல நேரங்களில் கூடவே வரும். தனித்தனியாக வாங்கினால் அவற்றுக்கே ஒரு பெருந்தொகை ஆகும்.

இனி மறுபக்கம். ஏல அறிவிப்புகள் அனைத்திலும் ஒரு நிபந்தனை இருக்கும்: எங்கு உள்ளதோ அங்கேயே, எப்படி உள்ளதோ அப்படியே. எடுத்த பிறகு குறை சொல்ல வழியில்லை. இந்த நிபந்தனையை மட்டும் தனியாகக் குறை சொல்ல மாட்டேன். வங்கி அதிகாரிக்கு லேத் ஓட்டத் தெரியாது. தனக்குத் தெரியாத பொருளுக்கு அவர் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் "எப்படி உள்ளதோ" என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வாங்குபவருக்கு முழு வாய்ப்பு இருந்தால்தான் அந்த நிபந்தனை நியாயமாகும். நடைமுறையில் கிடைப்பது மங்கலான நாலைந்து படங்களும், "லேத் இயந்திரம், 1 எண்ணம்" என்ற ஒரு வரியும்தான்.

படம் எதைக் காட்டாது என்பதற்கு லேத்தின் பெட், அதாவது அதன் அடித்தளப் பாதை, நல்ல எடுத்துக்காட்டு. பட்டறையில் ஓடும் வேலைகளில் பெரும்பாலானவை நீளம் குறைந்தவை. அதனால் வெட்டும் கருவியைத் தாங்கி பெட்மீது நகரும் சேடில், வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்குக்கு அருகிலேயே முன்னும் பின்னும் ஓடி அந்தப் பகுதியை மட்டும் தேய்த்துவிடும். எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் பெட் அதிகம் தேயாமல் இருக்கும். அனுபவசாலிகள் இதை எளிதாகக் கண்டுபிடிப்பார்கள். சேடிலைச் சக்குக்கு அருகே கொண்டுவந்து, ஆட்டமில்லாத அளவுக்கு இறுக்கிவிட்டு, கைச்சக்கரத்தைச் சுற்றி டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துவார்கள். போகப் போகச் சக்கரம் கனத்து, ஓரிடத்தில் நகர மறுத்தால் பெட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அடுத்து, சக்கில் கனமான ராடு ஒன்றைப் பிடித்து, ஸ்பிண்டில் மூக்கில் டயல் காஜின் முள்ளைப் படியவைத்து, ராடை மேல்நோக்கி நெம்பிப் பார்ப்பார்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் முள் காட்டிக்கொடுக்கும். இரண்டுக்கும் மின்சாரம் தேவையில்லை. அரைமணி நேரம் போதும். புதிதாகப் பெயின்ட் அடித்த லேத்தைப் படத்தில் நாள் முழுக்க உற்றுப் பார்த்தாலும் இந்த இரண்டு விவரமும் கிடைக்காது.

கணினியால் இயங்கும் சி.என்.சி. இயந்திரங்களில் ஆபத்து இன்னும் அதிகம். அவற்றின் கண்ட்ரோலரில் இயந்திரத்துக்கே உரிய பாராமீட்டர்கள் பேட்டரியின் துணையோடு நினைவகத்தில் நிற்கின்றன. மின்சாரம் துண்டிக்கப்பட்டு ஆலை நீண்டகாலம் பூட்டிக் கிடந்தால் பேட்டரி தீர்ந்து பாராமீட்டர்கள் அழிந்துபோகும். பிரதி எடுத்து வைத்திருந்தால் மீட்டுவிடலாம். ஆனால் ஆலை மூடப்பட்ட குழப்பத்தில் அந்தப் பிரதியும் கையேடும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. வெளியே பளபளவென்று நிற்கும் இயந்திரத்தை எடுத்தவர், அதை ஓட வைப்பதற்கே சர்வீஸ் இன்ஜினியருக்குப் பெருந்தொகை தர வேண்டியிருக்கும். பால் ஸ்குரூவின் தேய்மானமும் ஸ்பிண்டிலின் சத்தமும் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஓட்டிப் பார்க்கவோ ஆலையில் கரண்ட் இருக்காது.

இந்த அறியாமை ஏலம் என்ற முறையோடு சேரும்போது ஏற்படும் விளைவை 1971இலேயே கேப்பன், கிளாப், கேம்பெல் என்ற மூன்று பொறியாளர்கள் எழுதினார்கள். அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தில் வேலை செய்தவர்கள் அவர்கள். எண்ணெய் வயல்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் வரவில்லை என்று ஆராய்ந்தார்கள். உண்மை மதிப்பு யாருக்கும் உறுதியாகத் தெரியாத பொருளை ஆளுக்கொரு விதமாக மதிப்பிடும்போது, எல்லோரையும்விடக் கூடுதலாக மதிப்பிட்டவரே ஏலத்தை வெல்கிறார். வெற்றியே அவர் போட்ட கணக்கு தப்பு என்பதற்கு அடையாளமாகிவிடுகிறது. பெட்டின் நிலை தெரியாமல் லேத்துக்குக் கேட்பவருக்கும் இது அப்படியே பொருந்தும். கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும் விதி பல தளங்களில் உண்டு. நேர்மையான போட்டிக்கு அது உதவுகிறது என்றாலும், "இன்னும் ஐயாயிரம்தானே" என்ற வேகத்தையும் அதுவே ஏற்றிவிடுகிறது.

விவரம் இல்லாததால் நேரும் நட்டம் இன்னொரு பக்கமும் பாய்கிறது. பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் விளக்கியது. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாதபோது, வாங்குபவர்கள் எல்லாவற்றுக்கும் கெட்டதை மனத்தில் வைத்தே விலை சொல்வார்கள். எச்சரிக்கையானவர்கள் மட்டும் போட்டியிடும் ஏலத்தில், கண்போலப் பாதுகாக்கப்பட்ட லேத்தும் இரும்பு எடை விலைக்குப் போய்விடும். அதை அப்படிப் பாதுகாத்தவர் இப்போது கடன்காரராக நிற்கிறார். அவருடைய உழைப்புக்கு ஏலத்தில் ஒரு ரூபாய் மதிப்பும் இல்லாமல் போவது அநியாயம்.

இன்னொரு குறை, மொத்தமாக விற்பது. ஒரு ஆலையின் லேத், மில்லிங், டிரில்லிங், கிரைண்டிங் இயந்திரங்கள் அனைத்தையும் ஒரே தொகுப்பாக ஏலம் விட்டால், அதற்கு முன்வைப்புத் தொகை கட்டவே சிறு பட்டறைக்காரரால் முடியாது. பெரிய வியாபாரி எடுத்து, பிரித்து, லாபம் வைத்து விற்கிறார். எந்த இடைத்தரகை நீக்க இணையம் வந்ததோ அது பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. திவால் சட்டத்தின் கலைப்பு விதிமுறைகள் சொத்தைத் தனித்தனியாகவும் பகுதி பகுதியாகவும் விற்க இடம் தருகின்றன. ஒரே நாளில் விற்று முடித்துவிடும் வசதிதான் மொத்தத் தொகுப்பை நோக்கி இழுக்கிறது.

செலவுக் கணக்கிலும் கவனம் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு லேத் 2,50,000 ரூபாய்க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 45,000. கிரேனுக்கும் லாரிக்கும் 40,000. பெட் கிரைண்டிங், பேரிங், ஒயரிங் என்று 65,000. ஆக லேத் பட்டறையில் ஓடத் தொடங்கும்போது அதன் விலை 4,00,000. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் வரியைப் பின்னால் வரவு வைத்துக்கொள்ளலாம். அதுவரை கைக்காசு முடங்கும். அரசின் மூலதன மானியத் திட்டங்களும் பொதுவாகப் புதிய இயந்திரத்தையே கணக்கில் கொள்கின்றன.

இவ்வளவையும் சரிசெய்ய முடியும் என்பதுதான் என் ஆதங்கம். இயந்திரத்தின் துல்லியத்தைச் சோதிக்கும் முறைகளை பெர்லின் பேராசிரியர் கியோர்க் ஷ்லெசிங்கர் 1927இலேயே நூலாக வகுத்துத் தந்துவிட்டார். புதிய லேத்துடன் தயாரிப்பாளர் தரும் சோதனை அட்டை அந்த மரபில் வந்ததுதான். டயல் காஜ், டெஸ்ட் மாண்ட்ரல், ரசமட்டம் இருந்தால் போதும். ஏலம் விடுபவர் ஒரு பொறியாளரை அழைத்து இந்த அளவுகளை எடுத்துப் பட்டியலில் வெளியிட வேண்டும். பார்வையிடும் நாளில் ஜெனரேட்டர் வைத்து இயந்திரத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். ஆலை பூட்டப்படும் நாளிலேயே சி.என்.சி. பாராமீட்டர்களைப் பிரதி எடுக்க வேண்டும். தனித்தனி இயந்திரங்களாகவும் ஏலம் கேட்க வழி வேண்டும். விவரம் தெரிந்தால் கேட்பவர்கள் தைரியமாகக் கேட்பார்கள். நல்ல இயந்திரத்துக்குக் கூடும் விலையில் இந்தச் செலவைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

அதுவரை வாங்குபவர் தன் பக்கத்தில் சில எல்லைகளை வகுத்துக்கொள்ள வேண்டும். நேரில் போய்த் தொட்டுப் பார்க்க முடிந்த கைலேத், டிரில்லிங் போன்றவற்றுக்குத் தயங்காமல் கேட்கலாம். ஓட்டிப் பார்க்க முடியாத சி.என்.சி.க்கு, அதை உதிரிபாகமாகவே விற்றால் என்ன கிடைக்குமோ அதற்கு மேல் கேட்கக் கூடாது. பட்டறைக்கு வந்து சேரும் வரையிலான மொத்தச் செலவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, உச்ச விலையைத் தாளில் எழுதிவைத்துவிட்டுத்தான் திரைமுன் உட்கார வேண்டும். ஆனால் இந்த எச்சரிக்கையெல்லாம் தனி ஒருவரின் தற்காப்பு மட்டுமே. முறையைத் திருத்தும் கடமை ஏலம் நடத்துபவர்களுடையது. நேர்மையான போட்டியை உருவாக்கிக் காட்டியவர்கள், நேர்மையான விவரத்தையும் பட்டியலில் ஏற்ற வேண்டும். அதைச் செய்தால்தான் மூடிய ஆலையிலிருந்து வரும் நல்ல லேத் இரும்பு எடைக்குப் போகாமல், புதிய பட்டறை ஒன்றுக்குச் சரியான விலையில் போய்ச் சேரும்.