தலை சாய்த்து ஓடியவர்

எரிக் லிடெலின் ஓட்டத்தில் நளினம் கிடையாது. தலை பின்னால் சாயும், வாய் பிளந்திருக்கும், கைகள் காற்றைத் துழாவும். அப்படியே ஓடித்தான் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டரை 47.6 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். அவர் கிறிஸ்தவப் பிரசங்கியும்கூட; ஓட்டக்காரரைப் பார்க்க வந்த கூட்டம் அவர் பிரசங்கத்தையும் கேட்டது. கூச்ச சுபாவியான அவருக்கு ஓட்டம் தந்த மேடை அது.

பிறகு சீனாவில் மிஷனரிப் பணி, 1943 முதல் ஜப்பானியரின் வெய்ஷியன் தடுப்பு முகாம். அங்கே பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தார். நைந்துபோன தன் ஓட்டக் காலணியை, நூல் கட்டி ஒக்கிட்டு, ஒரு பையனுக்குக் கொடுத்தார். ஞாயிறன்று ஹாக்கி ஆடி அடிதடியில் இறங்கிய பிள்ளைகளுக்கு நடுவராகவும் நின்றார். ஞாயிறு கடவுளுக்கான நாள், தகுதிச்சுற்று அன்றைக்கு என்பதற்காக ஒலிம்பிக் 100 மீட்டரையே வேண்டாமென்றவர்!