காடு ஆற்றியதா, விடுப்பு ஆற்றியதா?

ஜப்பானின் நகானோ மாநிலத்தில் அகசாவா என்றொரு காடு. முந்நூறு ஆண்டு கண்ட ஹினோகி மரங்கள் நிற்கும் இடம். இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுப்பப்படும் ஈசே ஆலயத்துக்கு மரம் தருகிற கிசோ வட்டாரம் அது. 1982இல் அந்நாட்டு வனத்துறைத் தலைவராக இருந்த தொமொஹிதே அகியாமா ‘ஷின்ரின்-யோகு’, அதாவது வனக்குளியல், என்று பெயர் சூட்டி மக்களைக் காட்டுக்கு அழைத்தார். முதல் நிகழ்ச்சி அகசாவாவில்தான் நடந்தது. அப்போது வனத்துறையின் கையில் மருத்துவச் சான்று ஏதும் இல்லை. 1964இல் மர இறக்குமதி தாராளமயமானதற்குப் பிறகு உள்நாட்டு மரத்தொழில் தேய்ந்துகொண்டே வந்தது. காட்டுக்கு வேறொரு பயனைக் காட்டவேண்டிய கட்டாயம் இருந்தது. அதில் தப்பில்லை. ஆனாலும் அழைப்பு முந்தி வந்தது, சான்று பிந்தித் தேடப்பட்டது என்ற வரிசையை இந்த ஆய்வுகளைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தேடியவர்கள் ஏனோதானோவென்று தேடவில்லை. ஆய்வாளர் யோஷிஃபுமி மியாசாகியின் குழு 24 காடுகளில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். ஒவ்வோர் இடத்திலும் 12 மாணவர்கள். முதல் நாள் ஆறு பேர் காட்டுக்கு, ஆறு பேர் நகரத்துக்கு. மறுநாள் இடம் மாறிக்கொள்வார்கள். கால்மணி நேரம் நடை, கால்மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது. உமிழ்நீரில் மன அழுத்த இயக்குநீரான கார்டிசோல், கூடவே நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம். மது, புகை, காபி எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. ஒரே ஆள் இரண்டு இடத்திலும் அளக்கப்படுவதால், காட்டை விரும்புகிறவர்கள் இயல்பிலேயே ஆரோக்கியமானவர்களோ என்ற சந்தேகத்துக்கு இங்கே இடமில்லை. காட்டில் கார்டிசோல் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மேல் ரத்த அழுத்தம் ஓரிரு சதவீதம் இறங்கியது. அளவு சிறிதுதான், ஆனால் காடு மாறினாலும் போக்கு பெரும்பாலும் மாறவில்லை. காட்டில் உடல் தளர்வடைகிறது என்பதை இதற்குப் பிறகு மறுக்க நான் தயாரில்லை.

என் தயக்கம் அடுத்த படியில் தொடங்குகிறது. நிப்பான் மருத்துவக் கல்லூரியின் சிங் லி, தோக்கியோ நிறுவனங்களில் வேலைபார்க்கும் 12 ஆண்களை இரண்டு இரவு, மூன்று பகல் நகானோவின் ஈயாமா காடுகளுக்கு அழைத்துப்போனார். புற்றணுக்களையும் கிருமி தொற்றிய செல்களையும் அழிக்கும் என்.கே. செல்களின் செயல்பாடு அவர்களில் 11 பேருக்குச் சுமார் 50 சதவீதம் கூடியிருந்தது. அடுத்தடுத்த ஆய்வுகளில் அந்தக் கூடுதல் ஒரு வாரத்துக்கு மேலும், சிலவற்றில் ஒரு மாதம்வரையும் தங்கியது. நகரச் சுற்றுலாவில் அது நேரவில்லை என்பதையும் அவர் சோதித்துக் காட்டினார். அதுதான் அவர் பணியின் வலுவான பகுதி. அதன்பின் மரங்கள் வெளிவிடும் வாசனைப் பொருள்களான ஃபைட்டான்சைடுகள்தான் காரணமா என்று அறிய, நகர விடுதி அறையில் இரவெல்லாம் ஹினோகி எண்ணெயை ஆவியாக்கி 12 பேரை மூன்று இரவு தூங்கவைத்தார். அங்கும் என்.கே. செயல்பாடு கூடியது. ஆனால் எண்ணெய் வைக்காத அறையில் இன்னொரு குழு தூங்கவில்லை. வழக்கமான ஒரு வேலைநாளின் அளவோடுதான் ஒப்பிட்டார்கள். ஹினோகியோ மூக்கைத் துளைக்கும் வாசனை. தனக்கு என்ன தரப்படுகிறது என்று தெரிந்தவரின் உடல் அதற்கேற்ப நடந்துகொள்ளும்.

2019இல் கார்டிசோல் ஆய்வுகளைத் தொகுத்து அலசிய இத்தாலிய ஆய்வாளர்கள் இதே இடத்தில்தான் விரல் வைத்தார்கள். காட்டுக்குப் போகும் குழுவுக்கு நடை தொடங்கும் முன்பே கார்டிசோல் குறைவாக இருந்தது. ஆகவே எதிர்பார்ப்புக்கும் இதில் பங்கு உண்டு என்றார்கள்.

இத்தனைக்கும் மேலே ‘காடு புற்றுநோயைத் தடுக்கும்’ என்ற பேச்சு துண்டறிக்கைகளிலும் நூல்களிலும் ஏறிவிட்டது. செல்லின் செயல்பாடு சில வாரம் கூடுவது வேறு, ஆண்டுக்கணக்கில் நோய் குறைவது வேறு. இரண்டுக்கும் நடுவே கட்டவேண்டிய பாலத்தை இந்தப் பன்னிரண்டு பேர் ஆய்வுகள் கட்டவில்லை. மனத்திண்மை, நெருக்கடியைத் தாங்கும் வலிமை என்றெல்லாம் சொல்லும்போதும் இதே கதைதான். நடந்து முடித்த அன்று மாலை நிரப்பிய வினாத்தாள், ஆறு மாதம் கழித்து வேலை போகும்போது அந்த மனிதர் எப்படி எழுந்து நிற்பார் என்பதைச் சொல்லாது.

காடா, விடுப்பா என்ற கேள்வி ஆய்வுமுறைக்காரர்களின் நுணுக்கச் சண்டை என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது கொள்கைக் கேள்வியாகவே படுகிறது. மிகையான வேலையால் நேரும் மரணத்துக்கு ‘கரோஷி’ என்று தனிப்பெயர் வைத்திருக்கும் நாடு அது. மிகைநேர வேலைக்குத் தண்டனையோடு கூடிய சட்ட உச்சவரம்பு அங்கே வந்ததே 2018ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில்தான். அலுவலகத்திலிருந்து மூன்று நாள் விடுபட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, இரவு தூங்கிய ஒருவரின் ரத்தம் தேறியிருந்தால், முழுப் பெருமையையும் மரத்துக்கே கொடுப்பது முதலாளிக்கு வசதியானது. நகரச் சுற்றுலா ஒப்பீடு, காட்டுக்கென்று ஒரு பங்கு உண்டு என்று காட்டுகிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்று அறிய, வீட்டிலேயே மூன்று நாள் ஓய்வெடுக்கும் குழு ஒன்றும் வேண்டும்.

இங்கிலாந்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வு வேறு வகை. ஏறத்தாழ 20,000 பேரின் பதில்களிலிருந்து, வாரத்துக்குக் குறைந்தது 120 நிமிடம் இயற்கையில் கழிப்பவர்கள் நல்ல உடல்நலம் இருப்பதாகக் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்று கண்டது. உடல் நன்றாக இருப்பவர்கள்தாம் வெளியே போகிறார்களோ என்ற கேள்விக்கு ஒரே வேளையில் கேட்டு எழுதிய பதில்கள் விடை தராது. ஆனால் கேட்டது பொதுமக்களிடம், பேசியது பூங்கா போல அவர்கள் வழக்கமாகப் போய்வரும் இடங்களைப் பற்றி. மாணவர்களையும் நிறுவன ஊழியர்களையும் தாண்டி இந்தத் துறை போகவேண்டிய திசை அதுவே.

ஜப்பானியக் காட்டின் இன்னொரு முகத்தை வனக்குளியல் ஆய்வுகள் அநேகமாகத் தொடுவதே இல்லை. போருக்குப் பின் மலை மலையாக நட்ட சுகி, ஹினோகி ஆகிய ஊசியிலை மரத் தோட்டங்களின் மகரந்தம் இன்று அந்நாட்டை வாட்டுகிறது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பத்தில் நால்வருக்குச் சுகி ஒவ்வாமை. இளவேனிலில் முகக்கவசத்தோடு தும்மிக்கொண்டிருப்பவருக்கு அதே மரத்தின் காற்றை மருந்தென்று எழுதிக்கொடுக்க முடியாது. எந்தக் காடு, எந்தப் பருவம், யாருக்கு என்று சொல்லாத பரிந்துரை அரைகுறையானது. 2023இல் அரசு பத்தாண்டுக்குள் சுகித் தோட்டங்களை இருபது சதவீதம் குறைக்கத் திட்டமிட்டது. வெட்டிய சரிவுகளில் எந்த மரத்தை நடுவது என்று வனத்துறை முடிவெடுக்கும்போது, மியாசாகியும் லியும் வளர்த்தெடுத்த அளவீட்டு முறைகளை அங்கே கொண்டுபோகலாம். கலப்புக் காடு முளைக்கும் சரிவிலும் பழைய தோட்டத்திலும் ஒரே ஊர்க்காரர்களை, ஒவ்வாமை உள்ளவர்களையும் முதியவர்களையும் பெண்களையும் சேர்த்து, பல ஆண்டு தொடர்ந்து அளக்கலாம்.