நம்பப்படுகிறது

போதைவஸ்து பற்றி நம்மவர் எழுதும் கதைகளும் கவிதைகளும் அடிமையானவனையே திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. கிழிந்த சாரம், அழும் உம்மா, கடைசியில் ஒரு மையத்து. அவன் கையில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த மொழியை நாம் ஒரு பிரதியாக வாசித்ததில்லை. அப்படி வாசிக்கத் தக்க இரு சிறு பிரதிகள் அமெரிக்காவில் உண்டு.

முதலாவது, 1980இல் மருத்துவ சஞ்சிகையொன்றில் வந்த ஐந்து வாக்கியக் கடிதம். வைத்தியசாலையில் அபின்வகை வலிநிவாரணி பெற்ற 11,882 நோயாளரில், முன்பு அப்பழக்கம் இல்லாதிருந்து அடிமையானோர் நால்வரே என்றது அது. வீட்டில் மாதக்கணக்கில் விழுங்குவோரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாவது, 1996இல் பேர்டியூ பார்மா கம்பனி சந்தைக்கு விட்ட ஒக்ஸிகொன்டின் மாத்திரையின் விபரத்தாள். மருந்து மெதுவாக உறிஞ்சப்படுவதால் துஷ்பிரயோகம் குறையும் என 'நம்பப்படுகிறது' என்றது. செயப்பாட்டுவினையில் வினைமுதல் ஒளிந்துகொள்ளலாம் என்று வகுப்பில் படிப்பிக்கிறேன். இங்கே நம்பியவர் யார்? விற்பனைப் பிரதிநிதிகள் வைத்தியர்களிடம் போனபோது நம்பிக்கை கணக்காகிவிட்டது: அடிமையாவோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. நோயாளி இன்னும் வேண்டுமென்று கெஞ்சினால்? அதற்கும் ஒரு சொல் தயாராக இருந்தது: 'போலி அடிமைநிலை'. அதற்குப் பரிகாரம், அளவைக் கூட்டுவது! இதைவிடக் கெட்டிக்காரத்தனமான சொல்லாக்கத்தை நான் கண்டதில்லை.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் இருக்கிறது. நாமோ மருந்து, போதைவஸ்து என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஒன்றைக் கேட்டால் ஷிபா நினைவுக்கு வருகிறது, மற்றதைக் கேட்டால் பொலிஸ். ஹெரோயினும் ஒக்ஸிகொன்டினும் ஒரே கசகசாச் செடியின் வழிவந்தவை என்பதை நமது சொற்களே மறைத்துவிடுகின்றன. விளம்பரகாரனுக்குப் பாதி வேலை மிச்சம்.

விபரத்தாளின் அந்த வாக்கியம் 2001இல் நீக்கப்பட்டது. மருந்தின் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக 2007இல் கம்பனியோடு தொடர்புடைய நிறுவனமொன்று நீதிமன்றில் ஒப்புக்கொண்டது. கடிதத்தின் கதைதான் நம்மைப் போன்ற கட்டுரையாளருக்கு உறைக்க வேண்டியது. அதை மேற்கோள் காட்டிய 608 எழுத்துகளை ஆய்வாளர்கள் 2017இல் எண்ணிப் பார்த்தனர். நூற்றுக்கு எண்பதில், அது வைத்தியசாலையில் தங்கியிருந்தோர் பற்றியது என்ற குறிப்பே இல்லை. ஐந்து வாக்கியங்களைக்கூட வாசிக்காமல் எத்தனை பேர் எடுத்தாண்டார்களோ! அவ்வாண்டே சஞ்சிகை அக்கடிதத்தின் தலைமாட்டில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது. அதற்குள் முப்பத்தேழு வருடங்கள் போய்விட்டன.