இருபத்தைந்தாயிரம் வரை

2020 தீபாவளி நவம்பர் 14, சனிக்கிழமை. வாங்கிய பலகாரம் தீரவில்லை; செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டி.வி.யில் செய்தி ஓடியது. லட்சுமி விலாஸ் பேங்க்கில் கணக்கு வைத்திருப்பவர்கள் டிசம்பர் 16 வரை இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. 1926-ல் கரூர் வியாபாரிகள் சேர்ந்து ஆரம்பித்த பேங்க் அது.

இருபத்தைந்தாயிரம் என்பது கணக்குக்கு அல்ல, ஆளுக்கு. ஒரே பெயரில் மூன்று கணக்கு இருந்தாலும் மொத்தம் அவ்வளவுதான். மேலே வேண்டுமானால் காரணம் சொல்லிக் கேட்கலாம்: வைத்தியச் செலவு, மேல்படிப்பு, கல்யாணம் காட்சி, தவிர்க்க முடியாத அவசரம். அதிகபட்சம் ஐந்து லட்சம்.

இந்தப் பட்டியலை எழுதியவர் மாதச் சம்பளக்காரராகத்தான் இருக்க வேண்டும். சோமனூரில் இருபது தறி ஓட்டுகிற ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். கூலி கல்யாணத்தில் சேருமா, வைத்தியத்தில் சேருமா? ‘தவிர்க்க முடியாத அவசரம்’ என்று எழுதிக் கொடுக்கலாம். அது அவசரமா இல்லையா என்று முடிவு செய்வது எதிரே உட்கார்ந்திருப்பவர். பணம் இவருடையதுதானுங்களே!

சரி, கோர்ட்டுக்குப் போகலாமா என்றால், அந்தக் கதவைத்தான் முதலில் சாத்துகிறார்கள். வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 1949, பிரிவு 45. ரிசர்வ் வங்கி விண்ணப்பித்தால் மத்திய அரசு தடைக்காலம் அறிவிக்கலாம். அதிகபட்சம் ஆறு மாதம். அந்தக் காலத்தில் பேங்க் மேல் போட்ட வழக்கும் நிற்கும், புதிதாகவும் போட முடியாது. பேங்க்குக்கு எதிரான நடவடிக்கைக்குத்தான் தடை. நீங்கள் பேங்க்குக்குக் கட்ட வேண்டிய கடன் தவணைக்குத் தடை கிடையாது. கடன் வாங்கியவருக்கு இருக்கிற கண்டிப்பு கடன் கொடுத்தவருக்கு இல்லை. டெபாசிட் போட்டவர் பேங்க்குக்குக் கடன் கொடுத்தவர்தானே?

தடை போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1960-ல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பேங்க் மூழ்கியபோது சிறு சேமிப்புக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் பிரிவு 45 இந்த வடிவத்துக்கு வந்தது. எல்லோரும் ஒரே நாளில் கவுன்ட்டரில் நின்றால் எந்த பேங்க்கும் தாங்காது. கரூர் விஷயத்திலும் பத்தே நாளில், நவம்பர் 27-ல், தடை நீங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைப்பு முடிந்தது. டெபாசிட்காரர் யாருக்கும் ஒரு ரூபாய் போகவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு? பூஜ்யம். பங்கு மூலதனம் முழுவதையும் அழித்துவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. இணைப்புத் திட்டத்தின் வரைவு அதே செவ்வாய் சாயங்காலம் வெளியானது. ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். மூன்று நாள்! தொண்ணூற்று நான்கு வருஷ பேங்க், ஏறக்குறைய இருபது லட்சம் டெபாசிட்காரர்கள். கரண்ட் பில் கட்டக்கூட இதைவிட அதிக நாள் கொடுக்கிறார்கள். கருத்துக் கேட்பது சட்டத்தில் இருக்கிறது. கேட்டாயிற்று என்று ஃபைலில் எழுதவும் முடிகிறது.

அதற்குப் பிறகு ஒரு நல்ல மாற்றம் வந்தது. டெபாசிட் காப்பீடு 2020 பிப்ரவரியில் ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாகியிருந்தது. ஆனால் பேங்க்கை இழுத்து மூடினாலோ, இணைத்தாலோதான் அது கைக்கு வரும், தடைக்காலத்தில் வராது. 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது இப்படித் தடை போட்டால் தொண்ணூறு நாளுக்குள் காப்பீட்டுப் பணம் தர வேண்டும். இணைப்புப் பேச்சு நடந்தால் இன்னொரு தொண்ணூறு நாள் தள்ளிப் போகலாம். சோமனூர்க்காரரின் சனிக்கிழமைகளை எண்ணிப் பாருங்கள்.

அந்த ஐந்து லட்சம் அசலும் வட்டியும் சேர்த்து, ஒரு பேங்க்கில் ஓர் ஆளுக்கு. கோவையில் இரண்டு லட்சம், திருப்பூர் கிளையில் நான்கு லட்சம் என்று பிரித்துப் போட்டாலும் ஒன்றுதான். நம் ஊர்க்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: ஒருவரே முதலாளியாக நடத்தும் கம்பெனியின் கரண்ட் அக்கவுன்ட்டும், அதே பேங்க்கில் அவருடைய சொந்த சேமிப்பும் ஒரே ஆளின் பணமாகத்தான் சேரும். பார்ட்னர்ஷிப் என்றால் தனி. கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, இருவர் பெயரிலும் சேர்த்து ஒன்று இருந்தால், மூன்றுக்கும் தனித்தனி ஐந்து லட்சம். பாஸ் புக்கை எடுத்து யார் பெயரில் எது இருக்கிறது என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.